வாப்பாவின் கடிதங்களும் நனைந்த ஹார்ட் டிஸ்கும்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கணக்கெடுத்தபோது, 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்திருந்தது சுமார் 95 சென்டிமீட்டர். நம் மாவட்டத்தில் ஒரு வருடம் முழுவதும் பெய்கிற மழைகூட இவ்வளவு இருக்காது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு தண்ணீருக்கு நடுவே நின்றது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். அவரவர் இழந்ததை அவரவர் அறிவோம். எங்கள் குடும்பம் ஏறத்தாழ இழந்துவிட்ட ஒரு பொருளைப் பற்றியும், அது திரும்பி வந்த கதையைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வாப்பா 1950களின் தொடக்கத்திலிருந்து 1972 வரை கொழும்பில் வேலை பார்த்தார்கள். மாதம் இரண்டு கடிதமாவது உம்மாவுக்கு வரும். உறையின் மேல் ஆங்கிலத்தில் முகவரி இருக்கும். உள்ளே கடிதம் முழுவதும் அரபுத் தமிழில் இருக்கும். உம்மாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது, அரபுத் தமிழ் சரளமாக வாசிப்பார்கள். உம்மா அந்தக் கடிதங்களை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நம்மூர் வழக்கப்படி வீடு லாத்தாவுக்குப் போனபோது பெட்டியும் லாத்தாவிடம் போனது.

2014இல் லாத்தாவின் மகன், என் மருமகன், 212 கடிதங்களையும் ஸ்கேன் செய்து ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றினான். உம்மாவின் குரல் பதிவான இரண்டு கேசட்டுகளும் அதிலே ஏறின. "இனிமே கவலை இல்ல மாமா" என்றான். நாங்களும் கவலைப்படவில்லை. டிரங்குப் பெட்டி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. ஹார்ட் டிஸ்க் அதே அலமாரியின் கீழ் இழுப்பறையில் இருந்தது. அசலையும் நகலையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டு நகல் எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தது எங்கள் பிழை.

தண்ணீர் வடிந்து பெட்டியைத் திறந்தபோது கடிதங்கள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. பவுண்டன் பேனா மை முழுவதும் கரைந்து, தாள்கள் வெளிர் நீலமாக இருந்தன. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. இழுப்பறையிலிருந்து ஹார்ட் டிஸ்கை எடுத்தேன். அதன் ஓரத்திலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வெயிலில் வை, அரிசிக்குள் புதைத்து வை, காய்ந்ததும் கம்ப்யூட்டரில் சொருகிப் பார் என்றார்கள். வெளியூரில் இருந்த மருமகன் மட்டும் போனில் கத்தினான்: "மாமா, எதுலயும் சொருகிடாதீங்க. காய வைக்கவும் வேணாம். அப்படியே பிளாஸ்டிக் பையில கட்டி வைங்க!" அவன் சொன்னது எவ்வளவு சரி என்பது பின்னால் இதைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது.

ஹார்ட் டிஸ்குக்கு வயது எழுபதை நெருங்குகிறது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற கணினியோடு முதல் டிஸ்கை வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள், எடை ஒரு டன்னுக்கு மேல். அவ்வளவு பெரிய சாதனத்தில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள்தான். இன்று கைபேசியில் எடுக்கிற ஒரு படத்துக்கே அந்த இடம் போதாமல் போகலாம். அளவு சுருங்கியதே தவிர அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சு பூசிய தட்டு சுழலும். அதன் மேல் ஒரு படிக்கும் முனை, கிராமபோன் ஊசி போல, ஆனால் தட்டைத் தொடாமல் மிதந்து போகும். இன்றைய டிஸ்குகளில் அந்த இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் கனம் அதைப்போல பல ஆயிரம் மடங்கு. சிகரெட் புகையின் ஒரு துகளே அந்த இடைவெளியில் நுழையாது.

தண்ணீர் காந்தப் பதிவை அழிப்பதில்லை. வெள்ளத்தில் மூழ்கிய டிஸ்கிலும் எழுதியது எழுதியபடியே இருக்கும். காற்றழுத்தம் சமமாவதற்காகப் பெரும்பாலான டிஸ்குகளில் வடிகட்டியோடு ஒரு சிறு துவாரம் இருக்கிறது. அதன் வழியாகச் சேறும் உப்பும் உள்ளே போய்விடும். காயவைத்தால் தண்ணீர் போய் உப்பும் மண்ணும் தட்டில் இறுகி ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று வேகத்தில் சுழலும். முனை அந்த மண்ணில் மோதித் தட்டைச் சுரண்டிவிடும். சுரண்டி எடுத்த இடத்தில் இருந்ததை யாராலும் மீட்க முடியாது. ஆக, வெள்ளத்தில் தப்பிய பதிவை அழிப்பது பெரும்பாலும் நம் அவசரம்தான்.

இதைவிட மோசமான நிலையிலிருந்து ஒரு டிஸ்க் மீண்டிருக்கிறது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பும்போது டெக்சாஸ் மாநிலத்துக்கு மேலே சிதறியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் உயிரிழந்தார்கள். 16 நாள் பயணத்தில் அவர்கள் செய்த சோதனைகளில் ஒன்று செனான் வாயுவைப் பற்றியது. ஒரு குறிப்பிட்ட வெப்பத்திலும் அழுத்தத்திலும், வாயுவும் திரவமும் பிரித்தறிய முடியாத நிலைக்கு வரும்போது, அதைக் கலக்கினால் அதன் குழகுழப்பு குறைகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். பூமியில் அதன் சொந்த எடையே அதை அமுக்கிவிடும். எடையில்லாத இடத்தில்தான் இதைச் சரியாக அளக்க முடியும். அளவீடுகளில் ஒரு பகுதி பயணத்தின்போதே வானொலி வழியாகப் பூமிக்கு வந்துவிட்டது. மீதி ஓடத்திலிருந்த டிஸ்கிலேயே இருந்தது.

சுமார் 60 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எரிந்து விழுந்த சிதைவுகளில், வறண்ட ஏரிப் படுகை ஒன்றில் அந்த டிஸ்க் கிடைத்தது. பார்த்தால் கருகிய உலோகக் கட்டி. சீல் உருகி உள்ளே மண் புகுந்திருந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் தரவு மீட்கும் நிறுவனம் ஒன்றில் ஜான் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரிடம் அது வந்தது. அவர் தட்டுகளைக் கழற்றி ரசாயனக் கரைசலில் சுத்தம் செய்து, வேறொரு டிஸ்கின் உடலில் பொருத்தினார். தட்டுகள் வெப்பத்தில் வளையாமல் இருந்தது முதல் அதிர்ஷ்டம். மண் சுரண்டிய இடங்களில் எதுவும் எழுதப்படாமல் இருந்தது இரண்டாவது அதிர்ஷ்டம். அந்தக் கணினியில் பழைய டாஸ் இயங்கியது. அது பதிவுகளை அங்கங்கே சிதறவிடாமல் ஓரிடத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தது. 99 சதவீதம் மீண்டது. அதை வைத்து ராபர்ட் பெர்க்கும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை 2008இல் வெளிவந்தது. விபத்தில் கிடைத்த வேறு இரண்டு டிஸ்குகளிலிருந்து ஒன்றும் மீட்க முடியவில்லை. போனவர்கள் திரும்ப மாட்டார்கள். ஆனால் அவர்கள் செய்த வேலையில் இது ஒன்றாவது வீணாகவில்லை.

எங்கள் டிஸ்க் சென்னைக்குப் போனது. தரவு மீட்பவர்கள் முதலில் தூசியில்லாத அறையில் அதைத் திறந்து கழுவினார்கள். அதே மாடல் பழைய டிஸ்க் ஒன்றைத் தேடி வாங்கி, அதன் படிக்கும் முனைகளை எங்கள் டிஸ்கில் மாற்றினார்கள். சர்க்யூட் போர்டை மட்டும் மாற்றினால் போதாதாம். ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய நுண்ணிய அளவுகள் போர்டில் ஒரு சிறு சிப்பில் இருக்கும். அதையும் எடுத்துப் புதுப் போர்டில் பற்றவைக்க வேண்டும். பிறகு டிஸ்க் முழுவதையும் இன்னொரு டிஸ்குக்கு அப்படியே நகலெடுத்தார்கள். தேடுவதெல்லாம் நகலில்தான், அசலைத் தேவைக்கு மேல் ஒரு முறைகூடச் சுழலவிடக் கூடாது என்பது அவர்கள் விதி. ஏழு வாரம் ஆனது. ஒரு மாதப் பென்ஷனில் பெரும் பகுதி போனது. 212 கடிதங்களில் 197 வந்தன. உம்மாவின் குரல் முழுவதுமாக வந்தது.

மருமகன் அவற்றை லேப்டாப்பில் திறந்து காட்டினான். எல்லோருக்கும் சந்தோஷம். அப்போது அவனுடைய மகள் கேட்டாள்: "இதுல என்ன எழுதியிருக்கு?" அவனுக்குத் தெரியவில்லை. அவன் மனைவிக்கும் தெரியவில்லை. குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைகள்தான். எழுத்து தெரிகிறது, வார்த்தை பிடிபடவில்லை. நான் தட்டுத்தடுமாறி நாலு வரி வாசித்தேன்.

அரபுத் தமிழ் என்பது தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. அரபியில் இல்லாத ட, ப, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்துகளிலேயே புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்துப் புது எழுத்துகள் செய்துகொண்டார்கள். வலமிருந்து இடமாகப் போகும். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை என்று கடலோரம் முழுவதும் இது புழங்கியது. மார்க்க நூல், மருத்துவம், கடைக் கணக்கு, கடிதம் எல்லாம் இதில்தான். நம்மூரில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் இதில் நூல்கள் எழுதினார்கள். பள்ளிக்கூடம் போகாத நம் உம்மாமார்களும் உம்மம்மாமார்களும் இந்த எழுத்தில்தான் படித்தார்கள். பிள்ளைகள் தமிழ், ஆங்கிலப் பள்ளிக்கூடங்களுக்குப் போகப் போக, இதன் தேவை குறைந்தது. யாரும் தடுக்கவில்லை. கற்றுக்கொடுக்காமல் விட்டோம், அவ்வளவுதான்.

இதற்கு ஒப்பான கதை ஒன்று உண்டு. 1966, 67இல் நாசா அனுப்பிய ஐந்து லூனார் ஆர்பிட்டர் கலங்கள் நிலாவைப் படமெடுத்தன. மனிதன் இறங்கத் தோதான இடம் தேடி எடுத்த படங்கள். அவை பதிவான காந்த நாடாக்கள் கெடாமல் இருந்தன. ஆனால் அவற்றைப் படிக்கும் அம்பெக்ஸ் எஃப்.ஆர். 900 என்ற கருவி வழக்கொழிந்துவிட்டது. நாசாவில் ஆவணங்களைக் கவனித்த நான்சி எவன்ஸ் என்ற பெண்மணி, நாடாக்களைத் தூக்கி எறியாமல் காத்ததோடு, பழைய கருவிகள் சிலவற்றையும் வாங்கித் தன் வீட்டுக் கார் ஷெட்டில் பல வருடம் வைத்திருந்தார். கடைசியில் டென்னிஸ் விங்கோ, கீத் கௌவிங் இருவரும் கலிபோர்னியாவில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குள் அவற்றைக் கொண்டுபோய், அந்தக் கருவியை அறிந்த மூத்தவர்களின் உதவியோடு பழுது பார்த்தார்கள். 2008 நவம்பரில் முதல் படம் வந்தது. நிலாவின் விளிம்பில் பூமி எழும் காட்சி. எடுத்து 42 வருடம் கழித்து, முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

கொலம்பியா டிஸ்கில் கெட்டது தட்டைச் சுற்றியிருந்த உடல். நிலாப் படங்களில் காணாமல் போனது படிக்கும் கருவி. எங்கள் வீட்டில் இரண்டும் நடந்திருக்கிறது. முதலாவதைச் சென்னையில் காசு கொடுத்துச் சரிசெய்தோம். இரண்டாவதற்குக் கருவி லாத்தாதான். வயது 81. உம்மாவிடம் உட்கார்ந்து அரபுத் தமிழ் படித்தவர்கள். லேப்டாப்பில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் இன்றும் தடையில்லாமல் வாசிக்கிறார்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள், அஸருக்குப் பிறகு லாத்தா வாசிக்கிறார்கள், பேத்தி கைபேசியில் பதிவு செய்கிறாள், நான் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். இதுவரை 64 கடிதம் முடிந்திருக்கிறது. பெரும்பாலும் பணம் அனுப்பிய விவரம், யாருக்கு என்ன சாமான், பிள்ளைகள் படிக்கிறார்களா என்ற விசாரிப்பு. 1964 டிசம்பர் கடைசியில் எழுதிய ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. தனுஷ்கோடியை அழித்த புயல் செய்தி கேட்டுப் பதறி எழுதியிருக்கிறார்கள். அங்கே மழையா, வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, பத்திரங்களையும் கடிதப் பெட்டியையும் மச்சில் ஏற்றி வைத்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். லாத்தா அந்த இடத்தில் நிறுத்தி, "வாப்பா அப்பவே சொல்லியிருக்காங்க தம்பி. நாமதான் கேக்கல" என்றார்கள்.

உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி நம் சீமைக்கு வந்தபோது, கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். அதைக் கேட்டு அவர் பட்ட வேதனையைத் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். ஏடு சில நூறு வருடம் தாங்கும். அது மக்குவதற்குள் ஒருவர் உட்கார்ந்து புது ஏட்டில் எழுதி வைத்ததால்தான் பழைய நூல்கள் நம் கைக்கு வந்தன. ஹார்ட் டிஸ்குக்கு அந்த ஆயுளும் கிடையாது. பத்து வருடம் ஓடினாலே நல்ல உழைப்பு.

இப்போது எங்கள் கடிதங்களின் நகல் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று லாத்தா வீட்டு மாடியில், ஒன்று என்னிடம், ஒன்று வெளியூரில் மருமகனிடம். வருடத்துக்கு ஒரு முறை மூன்றையும் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். அதை ஸ்கேன் செய்யுங்கள், நகலை வேறு ஊரில் வையுங்கள். அதற்கு முன்னால், அதை வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், இன்று சாயங்காலமே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கடிதத்தையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.