திரும்பப் பெறுதல்: டைலனால் முதல் தக்காத்தா வரை



சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். முன்பு அங்கே இருந்தவரின் பெயருக்கு ஒருநாள் கடிதம் வந்தது. உறையின் மேல் ஒரு கார் நிறுவனத்தின் சின்னம். ‘புதுக் காடி விளம்பரமா இருக்கும்’ என்று நினைத்து, பிரிக்காமலே குப்பையில் போட்டுவிட்டேன். அது உண்மையிலேயே விளம்பரமாக இருந்திருக்கலாம். ஆனால் இந்தக் கட்டுரைக்காகப் படிக்க உட்கார்ந்த நாள் முதல் அந்த உறை என் நினைவைவிட்டுப் போகவில்லை. ஏன் என்பது கட்டுரையின் முடிவில் உங்களுக்கே புரியும்.

முதலில் சொல்லை விளக்கிவிடுகிறேன். விற்ற பொருளில் ஆபத்தான குறை இருப்பது தெரிந்தால், தயாரிப்பாளர் அதைப் பொதுமக்களுக்கு அறிவித்து, பொருளை மாற்றிக் கொடுக்க வேண்டும், அல்லது பழுதுபார்த்துத் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இதைத்தான் ‘திரும்பப் பெறுதல்’ என்கிறோம். பேச்சில் ‘ரீகால்’ என்று சொல்வோம். “ரீகால் பண்ணாங்கன்னா அந்தக் கம்பெனி மட்டம்னுதானே சார் அர்த்தம்?” என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. வரலாறு இதற்கு என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்போம்.

ஒரு காலத்தில், வாங்கிய பொருளில் குறை இருந்தால் அது வாங்கியவனின் பாடு. இந்த நிலையை மாற்றியதில் அமெரிக்காவில் 1960களில் நடந்த விவாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் 1965இல் கார்களின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். விபத்துக்கு ஓட்டுநரை மட்டும் குறை சொல்வது சரியா, காரை வடிவமைத்தவருக்குப் பொறுப்பே இல்லையா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. அடுத்த ஆண்டே, 1966இல், அங்கே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதுகாப்புக் குறை தெரிந்தால் அதை உரிமையாளருக்குத் தெரிவிக்கும் கடமை தயாரிப்பாளருக்கு ஏற்பட்டது. 1972இல் வீட்டுப் பொருள்களுக்கும் தனி ஆணையம் அமைக்கச் சட்டம் வந்தது. நம் மலேசியாவிலும் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டு.

சட்டம் வந்துவிட்டது, சரி. ஆனால் குறை இருப்பது முதலில் யாருக்குத் தெரியும்? பெரும்பாலும் தயாரிப்பாளருக்குத்தான். தெரிந்ததும் அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இரண்டு நிகழ்வுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் நிகழ்வு 1982இல் நடந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் என்ற வலிநிவாரணி மாத்திரையைச் சாப்பிட்ட 7 பேர் இறந்தார்கள். மாத்திரைக்குள் சயனைடு நஞ்சு இருந்தது. ஆலையில் தவறு நடக்கவில்லை. கடைக்குப் போன புட்டிகளில் யாரோ நஞ்சு கலந்திருந்தார்கள். அந்தக் கொலைக்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

“எங்கள் தவறு இல்லை” என்று அந்த நிறுவனம் ஒதுங்கியிருக்கலாம். சிகாகோவில் மட்டும் எடுத்துவிட்டு மற்ற இடங்களில் விற்றுக்கொண்டும் இருந்திருக்கலாம். ஆனால் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் ஒரு வாரத்துக்குள் நாடு முழுவதிலுமிருந்து சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் மதிப்பு 10 கோடி டாலருக்கும் மேல். அதே ஆண்டு இறுதிக்குள், யாராவது திறந்திருந்தால் உடனே தெரியும்படி முத்திரையிட்ட புட்டிகளில் அந்த மருந்து மீண்டும் கடைக்கு வந்தது. இன்று நாம் மருந்து புட்டியைத் திறக்கும்போது வாயில் ஒட்டியிருக்கும் தாளைக் கிழிக்கிறோமே, அந்த வழக்கம் பரவியதற்கு இந்த நிகழ்வு ஒரு முக்கியக் காரணம்.

ஆக, என் மாணவருக்கு முதல் பதில் கிடைத்துவிட்டது. பொருளைத் திரும்பப் பெறுவது அவமானச் சின்னம் அல்ல. சில நேரங்களில் அது பொறுப்பின் அடையாளம்.

ஆனால் இங்கே நிறுத்தினால் பாதி உண்மைதான். அதே ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனம், 2009இல், குறையுள்ள வேறொரு வலிநிவாரணியை வெளிப்படையாக அறிவித்துத் திரும்பப் பெறவில்லை. கடைகளுக்கு ஆள் அனுப்பி, சாதாரண வாடிக்கையாளரைப் போலவே வாங்கிவரச் சொன்னது. விஷயம் வெளியே வந்து, 2010இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அதை விசாரித்தது. 1982இல் எடுத்த நல்ல பெயர் 2009இல் சரியாக நடந்துகொள்வதற்கு உத்தரவாதம் தரவில்லை. பிராண்டின் பெயரை நம்பினால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இரண்டாம் நிகழ்வு நம் நாட்டையும் தொட்டது. தக்காத்தா ஜப்பானில் 1933இல் தொடங்கப்பட்ட நிறுவனம். முதலில் துணி நெய்தது. பிறகு பாராசூட், இருக்கைவார் என்று வளர்ந்து, கார்களில் இருக்கும் காற்றுப்பைகளைச் செய்யும் பெரிய நிறுவனங்களுள் ஒன்றானது. உயிரைக் காக்கும் பொருளைச் செய்வதே அதன் தொழில் என்பதைக் கவனியுங்கள்.

காற்றுப்பை எப்படி விரிகிறது? கார் மோதியதும், ஓர் உலோகக் குடுவைக்குள் இருக்கும் வேதிப்பொருள் எரிந்து வாயுவாக மாறுகிறது. வினாடியில் நூறில் சில பங்கு நேரத்துக்குள் பை நிரம்பிவிடும். 2000ஆம் ஆண்டையொட்டி, தக்காத்தா இந்த வேலைக்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. உரத்திலும் சுரங்க வெடிமருந்திலும் சேர்க்கப்படும் பொருள் இது. விலை மலிவு. ஆனால் ஈரப்பதமும் வெப்பமும் மாறி மாறித் தாக்கினால், ஆண்டுகள் ஆக ஆக இந்த வேதிப்பொருள் சிதைகிறது. சிதைந்தது அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். அப்போது குடுவையே வெடித்து, உலோகத் துண்டுகள் ஓட்டுநரை நோக்கிப் பாயும். ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்கப்படாத குடுவைகளில்தான் இந்த ஆபத்து மிக அதிகம்.

இனி ஆண்டுகளைக் கவனியுங்கள். 2004இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு ஹோண்டா காரில் குடுவை வெடித்தது. ஏதோ ஒரு விதிவிலக்கு என்று அது ஒதுக்கப்பட்டது. முதல் திரும்பப் பெறுதல் 2008 நவம்பரில்தான் வந்தது. அதுவும் ஏறத்தாழ 4,000 கார்களுக்கு மட்டும். 2009 மே மாதம் ஓக்லஹோமா மாநிலத்தில் 18 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். அதன் பிறகு பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீண்டது. கடைசியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் காற்றுப்பைகள், ஏறத்தாழ 20 கார் நிறுவனங்கள். உலக வரலாற்றிலேயே மிகப் பெரிய வாகனத் திரும்பப் பெறுதல்களுள் ஒன்றாக அது ஆனது.

2014 ஜூலையில் சரவாக்கில் நடந்த விபத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் உயிரிழந்தார். வயிற்றில் இருந்த குழந்தையும் பிழைக்கவில்லை. அமெரிக்காவுக்கு வெளியே தக்காத்தா காற்றுப்பையால் நேர்ந்ததாக அறிவிக்கப்பட்ட முதல் மரணம் அதுதான். அதன் பிறகும் மலேசியாவில் உயிர்கள் போயின. ஏன் நம் நாட்டில்? அமெரிக்கா தன் மாநிலங்களைப் பிரித்து, புளோரிடா, ஹவாய் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களுக்கு முன்னுரிமை கொடுத்தது. நம் வானிலையை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே வருடம் முழுக்க அதே புழுக்கம்தான்.

2017 ஜனவரியில் உண்மை முழுதாக வெளிவந்தது. 2000ஆம் ஆண்டையொட்டியே சோதனை முடிவுகளைப் பொய்யாகத் திருத்திக் கார் நிறுவனங்களுக்குக் கொடுத்து வந்ததைத் தக்காத்தா ஒப்புக்கொண்டது. 100 கோடி டாலர் அபராதமும் இழப்பீடும் கட்டச் சம்மதித்தது. அதே ஆண்டு ஜூனில் திவாலானது. 1982இல் ஒரு நிறுவனம் செய்யாத தவறுக்குப் பொறுப்பெடுத்துக்கொண்டது. இங்கே இன்னொரு நிறுவனம் செய்த தவறை ஏறத்தாழ 15 ஆண்டுகள் மறைத்தது.

இன்னொன்றையும் பாருங்களேன். தக்காத்தாவிடம் நம்மில் யாரும் நேரடியாக எதுவும் வாங்கியதில்லை. ஸ்டீயரிங்கில் இருந்தது வேறு நிறுவனத்தின் சின்னம். நம் கண்ணுக்குத் தெரியும் தயாரிப்பாளருக்குப் பின்னால், தெரியாத தயாரிப்பாளர் ஒருவர் இருக்கிறார். காருக்கு மட்டுமல்ல, கைப்பேசிக்கும் குழந்தையின் பால்மாவுக்கும் இது பொருந்தும்.

இப்போது அந்த உறைக்கு வருகிறேன். நிறுவனம் ஒப்புக்கொண்டு, அரசு ஆணையிட்டு, புதிய குடுவைகள் தயாரான பிறகும் மரணங்கள் நிற்கவில்லை. பட்டியலில் இருந்தும் மாற்றப்படாத கார்கள் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. பழைய காரைப் பலமுறை கைமாற்றியிருப்பார்கள். கடிதம் பழைய உரிமையாளருக்கே போயிருக்கலாம். அவர் வீடு மாறியிருப்பார். அல்லது கடிதம் வந்தும், “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று மேசை இழுப்பறையில் போய்விடும். மாற்றித் தருவது இலவசம்தான். ஆனாலும் கடிதம் படிக்கப்படாவிட்டால் அது வெறும் தாள்தான்.

நான் குப்பையில் போட்டது எந்தக் கடிதம் என்று எனக்கு இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை. ‘இவர் இங்கே இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. தயாரிப்பாளரின் பொறுப்பைப் பற்றி இவ்வளவு பேசும் நான், என் பங்கைச் செய்யவில்லை.

மாணவர்களே, ‘பயனீட்டாளரின் கடமைகள்’ என்ற தலைப்பு தேர்வில் வந்தால், ‘விழிப்புடன் இருக்க வேண்டும்’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடாதீர்கள். குறையை அறிவிப்பது தயாரிப்பாளரின் கடமை, கட்டாயப்படுத்துவது அரசின் கடமை, செயல்படுவது நம் கடமை என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே உள்ள ஆண்டுகளிலிருந்து ஒரு சான்று கொடுங்கள். கட்டுரை தானாகவே வலுப்பெறும்.

ஆசிரியர்கள் வகுப்பில் கேட்க மூன்று கேள்விகள்:

1. தன் தவறு இல்லாதபோதும் ஒரு நிறுவனம் பொருளைத் திரும்பப் பெற வேண்டுமா? டைலனால் நிகழ்வைக் கொண்டு விவாதிக்கவும்.
2. 2004க்கும் 2008க்கும் இடையில் தக்காத்தா என்ன செய்திருக்கலாம்?
3. பழைய காரை வாங்கியவருக்கு அறிவிப்பு போய்ச் சேர என்ன வழி?

வீட்டுப்பாடமும் ஒன்று உண்டு. இன்று வீட்டுக்குப் போனதும், அப்பாவிடமோ அம்மாவிடமோ காரின் சேசிஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கார் நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ சேவை மையத்திலோ, அது திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று சேர்ந்தே பாருங்கள். இருந்தால், அன்றைக்கே சேவை மையத்தில் தேதி வாங்கிவிடுங்கள்.