ஊர்ப்பெயரும் ஊர்ப்பழியும்

ஓர் ஊரின் பெயரைக் கேட்ட அளவிலே அவ்வூர் மக்களைப் பற்றியும் ஒரு முடிவு செய்துகொள்ளுதல் உலகினர் இயல்பாம். தில்லை என்ற அளவில் உள்ளம் உருகுகின்றோம். ஆரூர் என்ற அளவில் கை குவிக்கின்றோம். சென்னையின் வடபாலுள்ள கொடுங்கையூர் என்னும் பெயரைச் சொல்லின், கேட்போர் பலர்க்கும் நினைவில் எழுவது குப்பைமேடு ஒன்றே. அவ்வூர் இளைஞன் ஒருவன் வேலை நாடிச் சென்றவிடத்துத் தன் ஊர்ப்பெயர் கூற நாணி, அயலிலுள்ள பெரம்பூரைத் தன் ஊராகக் கூறுவானாயின், அந்நாணத்தை அவனுக்குத் தந்தவர் யாவர்? பெயர்தான் பழிக்குக் காரணமோ, பெயரை மாற்றினாற் பழி நீங்குமோ என்பவற்றை வரலாற்று நெறி நின்று ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் அப்பெயரினையே நோக்குவாம். கொடுங்கை என்பதனைக் கொடிய கை எனப் பிரித்து நகையாடுவாரும் உளர். கொடுமை என்னும் சொற்கு வளைவு என்பதும் பொருளாதலை அவர் அறியார். பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்களுள் ஒன்றாகிய திருக்கொடுங்குன்றத்தின் பெயரில் என்ன கொடுமை உளது? அன்றியும், கொடுங்கை என்பது சிற்பநூலார் போற்றி வழங்கும் சொல்லாம். திருக்கோயில்களின் மேற்றளத்தினின்று வெளிநோக்கி வளைந்திறங்கி, வெயிலையும் மழையையும் தாங்கி, கீழ் நிற்பார்க்கு நிழல் தரும் உறுப்பே கொடுங்கை. திருப்பெருந்துறையாகிய ஆவுடையார்கோயிலில் கருங்கல்லை மரம்போல இழைத்தமைத்த கொடுங்கை பெரும்புகழ் வாய்ந்தது. பண்டைச் சிற்பிகள் வேலைக்கு உடன்படிக்கை எழுதுங்கால், 'ஆவுடையார்கோயிற் கொடுங்கை' முதலிய சிலவற்றை நீக்கி ஏனையவெல்லாம் செய்து தருவோம் என எழுதுவர் என்பது செவிவழி வந்த செய்தி. கொடுங்கையூர் என்னும் பெயர் இதனினின்றே பிறந்தது என நாட்டுதல் எம் கருத்தன்று. அறியாதார் இகழும் சொல்லே அறிந்தார்க்குப் பெருமையுடையதாகின்றது என்பதே ஈண்டுக் காட்டப் புகுந்தது.

அற்றேல், நல்ல சொற்கு மாசு எங்ஙனம் வந்து சேர்கின்றது எனின், கூறுதும். சேரி என்னும் சொல்லை நோக்குக. சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பொருள். சோழர் காலத்து அந்தணர் ஊர்களாகிய சதுர்வேதிமங்கலங்களின் பகுதிகளும் சேரி எனவே பெயர் பெற்றிருந்தன. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலைச் சூழக் குடியேற்றிய நானூற்றுவர் ஆடல்மகளிர், அக்கோயிற் கல்வெட்டிலே தளிச்சேரிப் பெண்டுகள் எனக் குறிக்கப்பெறுகின்றனர். அரசன் எடுத்த கோயிலின் அருகே நின்ற அச்சொல், பிற்காலத்தே தீண்டாமைக் கொடுமையால் ஊர்ப்புறத்தே ஒதுக்கப்பட்டார் உறைவிடத்திற்கே உரியதாகச் சுருங்கிற்று. சொல் தாழவில்லை, மக்களைத் தாழ்த்தினார் செயல் சொல்லின்மேல் ஏறிற்று.

பின்னர் அரசினர் அம்மக்கட்கு வீடுகள் கட்டித் தந்தபொழுது, அவற்றிற்குக் காலனி என்னும் பெயர் வழங்கலாயிற்று. குடியேற்றம் எனப் பொருள்படும் அச்சொல் இலத்தீனில் தோன்றி ஆங்கிலத்தின் வழியே நம்மிடை வந்தது. பழைய பெயரின் மாசு புதிய பெயரால் ஒழியும் எனப் பலரும் எண்ணியிருத்தல் கூடும். ஒழிந்ததோ? இல்லை. ஊரும் காலனியும் என இரண்டாகப் பிரித்து வழங்கும் வழக்கு நிலைத்தது. காலனி என்பதே வசையாயிற்று. வங்கி அலுவலரும் அரசு அலுவலரும் வாழும் காலனிகள் பல நகரங்களில் உள்ளன. ஆண்டெல்லாம் அதே சொல் ஒரு மாசும் உற்றிலது என்பதையும் ஓர்க. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள், ஆதிக்கத்திற்கும் தீண்டாமைக்கும் அடையாளமாகிவிட்ட அச்சொல்லை அரசு ஆவணங்களினின்றும் நீக்குவதாகத் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வசையாகிவிட்ட சொல்லை நீக்குதல் வேண்டப்படுவதே. ஆயினும், முன்னைய மாற்றம் கற்பித்த பாடத்தை மறவாதிருத்தலும் வேண்டும்.

சென்னையிலேயே மற்றொரு சான்று உளது. கோட்டைக்கு வடக்கே நம்மவர் வாழ்ந்த முத்தியால்பேட்டையையும் பெத்துநாயக்கன்பேட்டையையும் ஆங்கிலேயர் கறுப்பர் நகரம் என்று நிறம் சுட்டி அழைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பெயர் மாறி ஜார்ஜ் டவுன் என ஆயிற்று. இகழ்ச்சி நீங்கியது உண்மையே. ஆயினும், வந்து சேர்ந்தது அங்கு வாழ்ந்தார் பெயரன்று, ஆண்டார் பெயர். கறுப்பர் நகரம் எனப்பட்ட அப்பகுதியின் ஏழுகிணற்றுத் தெருவொன்றிலேதான் இராமலிங்க அடிகள் 1858-ஆம் ஆண்டளவிற் சென்னையை நீங்கும்வரை உறைந்தார். ஆண்டிருந்தே கந்தகோட்டத்து முருகனைப் பாடினார். திருவொற்றியூர்க்கு நாள்தோறும் நடந்து வழிபட்டார் என்பர். அவ்விடத்தின் பெருமை ஆங்கிலேயர் இட்ட முதற்பெயராற் குறைந்ததுமன்று. இரண்டாம் பெயரால் வளர்ந்ததுமன்று.

இனிக் கொடுங்கையூர்க்கு வருவாம். அங்கே முத்தமிழ் நகர் என்றும், கவியரசு கண்ணதாசன் நகர் என்றும், எழில் நகர் என்றும் இனிய பெயர்கள் பல உள்ளன. அப்பெயர்கள் குப்பைமேட்டில் தீப்பற்றுங்கால் எழும் புகையைத் தடுத்தில. நாற்றத்தை மாற்றின அல்ல. 250 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக, நகரின் வடபகுதியிலும் நடுப்பகுதியிலும் சேர்ந்த குப்பை அங்கே குவிக்கப்பெற்றது. அது கொடுங்கையூரார் குப்பையன்று, நம் குப்பை. நம் இல்லத்து மணவிழா எச்சில் இலையும், நம் திருவிழாக்களின் வாடிய மாலையும் அதிற் கலந்துள்ளன. நம் வீட்டைத் தூயதாக்கி, நம் அழுக்கை அவர்தம் ஊரிற் கொட்டி, பின் அவ்வூர்ப் பெயரைக் கேட்டு முகஞ்சுளிப்பேமாயின், அது நன்றி கொன்ற செயலன்றோ?

பெயர்க்குப் பெருமை எங்ஙனம் வருகின்றது என்பதற்குச் சான்று அணித்தே உளது. கொடுங்கையூர்க்குச் சில கல் தொலைவிலுள்ளது திருவொற்றியூர். ஒற்றி என்பது உலகவழக்கில் அடகினைக் குறிக்கும் எளிய சொல். மூவர் முதலிகளும் பாடியருளிய அவ்வூரிலே, அச்சொல்லைக் கேட்டு நகுவார் எவரும் இலர். அவ்வூரிற் செக்குத் தொழிலாளர் வாழ்ந்த சக்கரப்பாடித் தெருவிலே தோன்றியவர் கலிய நாயனார். செல்வம் சுருங்கியபின்னும் கூலிவேலை செய்து கோயில் விளக்கெரித்தார். அதுவும் இயலாதபோழ்து எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியையே பெய்யத் துணிந்தார். சேக்கிழார் பெருமான் அத்தெருவின் பெயரையும் மறவாது திருத்தொண்டர் புராணத்திற் பொறித்தருளினார். செக்காடுவார் தெரு என்று எவரும் அதன் பெயரை மாற்றிற்றிலர். தொண்டே அதனை உயர்த்திற்று.

படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல, ஊர்ப்பெயரும் அவ்வூர்க்குச் செய்யப்பட்டதன் நிறத்தையே காட்டும். பொருளை மாற்றாது படிகத்தை மட்டும் மாற்றின், புதிய படிகமும் பழைய நிறமே காட்டும். கொடுங்கையூரிற் குவிந்து கிடந்த 60 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட பழங்குப்பையைப் பிரித்தகற்றும் பணி அண்மை ஆண்டுகளில் தொடங்கப்பெற்றுள்ளது. மெய்யான பெயர்மாற்றம் அதுவே. அன்பர்களும் தம்மாலியன்றதைச் செய்க: கோயிலிற் கழித்த மலரையும் இலையையும் ஆங்காங்கே நந்தவனத்திற்கு உரமாக்குக; தம் இல்லத்துக் குப்பையைப் பிரித்துக் குறைத்திடுக; கொடுங்கையூரினின்று வருவார் ஒருவரைக் காணின், அவர் ஊர்ப்பெயரை முகஞ்சுளியாது அன்போடு சொல்லுக.

திருச்சிற்றம்பலம்.