நனைக்காத கடல்

1923-இல் ஹாலிவுட் செங்கடலைப் பிளந்தது ஜெலட்டினை வைத்து. செசில் பி. டெமில் இயக்கிய 'தி டென் கமாண்ட்மெண்ட்ஸ்' மௌனப்படத்தில் மோசேக்கு வழிவிட்டு விலகி நிற்கும் கடல், உண்மையில் மேசைமேல் வைத்த ஜெலட்டின் பாளம். அதை நடுவே வெட்டி, சூடேற்றி உருகவிட்டுப் படமெடுத்தார்கள். அந்தச் சுருளைப் பின்னோக்கி ஓட்டியதும், சரிந்து விழுந்ததெல்லாம் சுவராக எழுந்து நின்றது. இன்றைக்கு லெகோ கட்டைகளை அடுக்கி, வீட்டு மேசையிலேயே படமெடுக்கிற பிள்ளைகள் ஹேர் ஜெல்லைப் பிதுக்கி ஓடை அமைக்கிறார்கள். டெமிலின் பெயரைக்கூட அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அதே சிக்கலுக்கு அதே விடையைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சினிமாவில் மலையைச் சிறிதாக்கலாம், ரயிலைச் சிறிதாக்கலாம், ஒரு நகரத்தையே மேசைக்குள் அடக்கலாம். தண்ணீர் மட்டும் அடங்காது.

லெகோ மனிதனின் உயரம் 4 செ.மீ. தலை ஏறக்குறைய 1 செ.மீ. குழாயில் சொட்டும் ஒரு துளியே அந்தத் தலையில் பாதியை மூடிவிடும். மேற்பரப்பின் இழுவிசைதான் துளியின் அளவைத் தீர்மானிக்கிறது. பொம்மைக்கு ஏற்றபடி துளி சிறுக்காது. விழும் வேகமும் அப்படித்தான். பொம்மையை 1.7 மீட்டர் உயர மனிதனாக நினைத்துக்கொண்டால், அதன் உலகம் நம்முடையதில் ஏறக்குறைய 42-இல் ஒரு பங்கு. அங்கே 42 செ.மீ. உயரத்தில் ஓர் அருவி வைத்தால், அது 17, 18 மீட்டர் அருவியாகத் தோன்ற வேண்டும். அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர் கீழே வர ஏறக்குறைய 1.9 நொடி ஆகும். 42 செ.மீ. உயரத்திலிருந்தோ 0.3 நொடிதான். அதனால்தான் பொம்மைக் குன்றின் மேலிருந்து ஊற்றும் உண்மையான தண்ணீர், அருவியாகத் தெரியாமல் சொம்பு கவிழ்ந்தது போலத் தெரிகிறது.

ஸ்டாப் மோஷனில் இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. பொம்மையை இம்மியளவு நகர்த்தி ஒரு படம், இன்னும் இம்மியளவு நகர்த்தி இன்னொரு படம் என்று எடுக்கிற கலை இது. இரண்டு படங்களுக்கு நடுவே சில நிமிடங்கள் போய்விடும். அதுவரை பொம்மை காத்திருக்கும், தண்ணீர் காத்திராது. கை பட்டால் குலுங்கும், விளக்குச் சூட்டில் வற்றும். படத்தை ஓட்டிப் பார்த்தால் குளம் கொதிப்பது போலத் துடிக்கும்.

இந்தக் கலையின் பெரிய கைகாரர்களே தண்ணீருக்கு வழிவிட்டுப் போயிருக்கிறார்கள். எலும்புக்கூடுகளை வாள் சுழற்ற வைத்த ரே ஹாரிஹவுசன், 1963-இல் வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்' படத்தில் கடலிலிருந்து எழும் டிரைட்டன் தேவனுக்குப் பொம்மை செய்யவில்லை. ஒரு நடிகரை மீன்வால் உடையில் நீர்த்தொட்டிக்குள் இறக்கி, கேமராவை வேகமாக ஓட்டிப் படமெடுத்தார். திரையில் காட்சி மெதுவாக நகர்ந்தபோது துளிகளுக்குக் கனமும் ஆளுக்குப் பேருருவமும் வந்தன. அவருக்கும் வெகுகாலம் முன்பே, 1926-இல், ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் நிழலுருவங்களால் இளவரசர் அக்மத்தின் கதையைப் படமாக்கியபோது வேறொரு வழி திறந்திருந்தது. அந்தப் படத்தின் கடலலைகள் பெர்தோல்ட் பார்டோஷின் கைவேலை. ஒளி ஊடுருவும் தாள்களை அடுக்கி, கீழிருந்து வெளிச்சம் பாய்ச்சி, ஃபிரேமுக்கு ஃபிரேம் நகர்த்திய கடல் அது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலே அலை உருண்டது.

கட்டைப் படங்களின் கதை தொடங்குவதும் ஐரோப்பாவில்தான். டென்மார்க்கின் பில்லுண்டில் 1932-இல் தொடங்கிய லெகோ நிறுவனம், இன்று நாம் அறிந்த கட்டைக்கு 1958-இல் காப்புரிமை கோரியது. 1973-இல் லார்ஸ் ஹாசிங், ஹென்ரிக் ஹாசிங் என்ற இரண்டு டேனிஷ் சிறுவர்கள் சூப்பர் 8 கேமராவில், நிலவுக்குப் போகும் பயணத்தைக் கட்டைகளால் படமாக்கினார்கள். ஏறக்குறைய ஆறு நிமிடம் ஓடும் அந்தப் படமே இந்த வகையில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய படைப்பு. கைகால் அசைக்கும் லெகோ மனிதன் 1978-இல்தான் வந்தான் என்பதால், அவர்கள் ஆட்களையும் கட்டைகளாலேயே கட்ட வேண்டியிருந்தது. ஒரு சூப்பர் 8 சுருளில் 3,600 ஃபிரேம்கள் உண்டு. எடுத்து முடித்து, கழுவி வந்த பிறகுதான் பிழை தெரியும். நிலவைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு என்றே சொல்ல வேண்டும். அங்கே தண்ணீர் வேண்டாம்.

நிலைமை மாறியது 2000-இல். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் பெயரோடு லெகோ வெளியிட்ட திரைப்படப் பெட்டியில், கணினியோடு இணைக்கும் சிறு கேமராவும் இருந்தது. எடுத்த ஃபிரேமை அப்போதே பார்க்கலாம், சரியில்லையென்றால் அழிக்கலாம். பிறகு வந்த மென்பொருள்கள் முந்தைய ஃபிரேமை நிழலாகக் காட்டி, அதன்மேல் இப்போதைய காட்சியை வைத்தன. எந்தத் துண்டு எவ்வளவு நகர்ந்தது என்று கண்ணால் அளக்க முடிந்ததால், தண்ணீரையும் கையால் செய்து பழகலாம் என்ற துணிச்சல் பிள்ளைகளுக்கு வந்தது.

பழகினார்கள். நீலத் தாளின் மேல் கிளிங் ஃபிலிமைக் கசக்கி விரித்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு ஓரத்தைச் சற்றே இழுத்தால் ஏரிக்குச் சுருக்கம் விழும். பொம்மையின் முகத்தில் வியர்வைக்குக் கிளிசரின் வைத்தால் விளக்குச் சூட்டிலும் வற்றாது. குளூ கன்னில் உருகிய பசையை இழுத்து ஆறவிட்டால் ஓர் அலைத்தெறிப்பு அப்படியே உறைந்து கையில் கிடைக்கும். சிறிதும் நடுத்தரமும் பெரிதுமாக நாலைந்து செய்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வைத்தால் கல் விழுந்த குளம் கண்முன் வரும். விழும் துளியைத் தூண்டில் நரம்பில் தொங்கவிடுவார்கள். கலிலியோ கண்ட கணக்கு இங்கே கை கொடுக்கும்: முதல் ஃபிரேமில் ஒரு பங்கு இறங்கினால் அடுத்ததில் மூன்று, பிறகு ஐந்து, ஏழு. சமமாக இறக்கினால் துளி விழாது, லிஃப்டில் இறங்கும்.

இவை எல்லாவற்றையும்விட அழகானது கட்டையாலேயே செய்யும் அருவி. கண்ணாடி நீல வட்டத் தட்டுகளையும் வெள்ளைத் தட்டுகளையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நிறங்களை ஒரு இடம் கீழே தள்ள வேண்டும். நாலு ஃபிரேமில் வரிசை பழைய இடத்துக்கு வந்துவிடும் என்றால், அந்த நாலையே திரும்பத் திரும்ப ஓட்டலாம். கோயில் திருவிழாப் பந்தலில் சீரியல் பல்பு ஓடுகிறதே, அதே வித்தை. பல்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஓடுவது வெளிச்சம். இங்கே தட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஓடுவது ஆறு.

பெரிய ஸ்டூடியோக்கள் நெடுங்காலம் எதிர்த் திசையில் போயின. களிமண் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற பிரிட்டனின் ஆர்ட்மன், சாக்கடை எலிகளின் கதையான 'ஃப்ளஷ்ட் அவே' படத்தை 2006-இல் முழுக்கக் கணினியிலேயே செய்தது. அவ்வளவு தண்ணீரைப் பொம்மைகள் தாங்காது என்பது முக்கியக் காரணம். 2012-இல் அதே நிறுவனத்தின் கடற்கொள்ளையர் படத்தில் கப்பலும் ஆட்களும் கையால் செய்தவை, கடல் மட்டும் கணினியில் செய்தது.

அதனால்தான் 2014-இல் வந்த 'தி லெகோ மூவி' இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். அதுவும் கணினியில் உருவான படம்தான். சிட்னியின் அனிமல் லாஜிக் நினைத்திருந்தால், உண்மையான கடலைப் போலவே அலையடிக்கச் செய்திருக்கலாம். இயக்குநர்கள் ஃபில் லார்டும் கிறிஸ்டோபர் மில்லரும் வேறு விதி வைத்தார்கள்: திரையில் தெரிவதெல்லாம் கட்டையாக இருக்க வேண்டும். நாயகன் எம்மெட் குளிக்கும்போது ஷவரிலிருந்து சிறு நீலத் துண்டுகள் கொட்டுகின்றன. கொள்ளையர் கப்பல் மிதக்கும் கடலில் அலையும் நுரையும் கட்டைகளாகவே எழுந்து சரிகின்றன. மேசையில் பிள்ளைகள் கையால் நகர்த்திய அருவியின் இலக்கணம் அது. கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த ஒரு படம், அவர்கள் வழிதான் சரி என்று ஒப்புக்கொண்டது.

மூன்று ஆண்டு கழித்து வந்த லெகோவின் 'நிஞ்சாகோ' படம் நிஜத்தைப் போன்ற நீருக்கும் செடிகொடிகளுக்கும் திரும்பியது. பார்க்கப் பளபளப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நிஜத் தண்ணீருக்குப் பக்கத்தில் பொம்மை சட்டென்று பொம்மையாகிவிடுகிறது, அதன் சிறுமை தெரிந்துவிடுகிறது. கட்டைக் கடலில் அந்தப் பொம்மை ஓர் ஆள். அங்கே அவன் மூழ்கினால் நமக்குப் பதறுகிறது.

வீட்டில் ஒரு பிள்ளை கட்டைகளை அடுக்கி, கைபேசியைத் தாங்கியில் நிறுத்தி, "இங்க ஒரு ஆறு வேணும்" என்று கேட்டால், கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வராதீர்கள். பெட்டியைத் துழாவி, நீலத்தையும் வெள்ளையையும் கண்ணாடித் துண்டுகளையும் பொறுக்கிக் கொடுங்கள். ஒரு நொடி ஆற்றுக்குப் பதினைந்து ஃபிரேம் ஆகலாம். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருங்கள்.