வல்வைத் துறையும் கல்விச் சாலையும்

இலங்கையின் வடகோடியிலே, தொண்டைமானாற்றுக்கும் பருத்தித்துறைக்கும் இடையே, கடலை முகம் நோக்கி அமைந்த பழந்துறை வல்வெட்டித்துறை. ஊரவர் அதனை அன்போடு வல்வை என்பர். எதிரே பாக்கு நீரிணை. அதற்கப்பால் வேதாரணியமும் கோடிக்கரையும் நாகபட்டினமும். தெற்கேயுள்ள கொழும்பைக் காட்டிலும் வடக்கேயுள்ள நாகபட்டினமே இவ்வூருக்கு அண்மையானது. நேயர்கள் பலர் வல்வையைக் கப்பலோட்டிகளின் ஊர் என்றே அறிவர். அப்பெயர் பொருத்தமானதே. ஆயினும், அவ்வூரின் வரலாற்றிலே கப்பலுக்கு இணையாக வைத்துப் பேசத்தக்க பொருள் இன்னொன்று உண்டு. அதுவே பாடசாலை வாங்கு. அந்த வாங்கிலே யார் யாருக்கு இடம் கிடைத்தது, எப்போது கிடைத்தது, எத்தனை இடர்களைத் தாண்டிக் கிடைத்தது என்பதை ஆராய்ந்தால், வல்வையின் கதை மட்டுமன்றி வடமராட்சி முழுவதன் கதையும் விளங்கும்.

முதலிலே கப்பலைக் காண்போம். அக்கியாப், இரங்கூன் முதலிய பர்மியத் துறைகளிலிருந்து அரிசியும், தென்னிந்தியத் துறைகளிலிருந்து ஓடும் மரமும் வல்வையாரின் பாய்க்கப்பல்களிலே வந்திறங்கின. அக்கப்பல்களுட் பல இவ்வூர்க் கரையிலேயே கட்டப்பட்டவை. 1930 ஆம் ஆண்டிலே இங்கு கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று புதுப்பெயர் பெற்ற அக்கப்பல், வல்வை மாலுமிகள் தொழில் செய்ய, பெருங்கடல்களைக் கடந்து, 1938 ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. வடமராட்சித் தச்சர் செதுக்கிய மரம் அத்திலாந்திக் அலைகளைத் தாங்கிநின்றது.

இத்தகைய கப்பலைச் செலுத்திய தண்டையல்மார் தம் கலையை எந்தப் பள்ளியிலும் பயின்றவரல்லர். வாடை எப்போது தொடங்கும், சோளகம் எப்போது ஓயும், கச்சான் வீசினால் பாயை எவ்வாறு திருப்புவது, எந்த நட்சத்திரத்தைப் பின்பற்றினால் எந்தக் கரை தோன்றும் என்பனவெல்லாம் தந்தையிடமிருந்து மகனுக்கும், மாமனிடமிருந்து மருமகனுக்கும் வாய்மொழியாய் வந்த அறிவு. ஆனால், அந்த அறிவுக்கு எட்டாத சில காரியங்களும் இருந்தன. சுங்கப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. சரக்கு ஒப்பந்தமும் ஆங்கிலத்தில் இருந்தது. காற்றையும் கடலையும் வென்ற தண்டையல், சுங்கச்சாவடியிலே ஒரு காகிதத்தை வாசிப்பிக்க வேறொருவர் முன் நிற்க வேண்டியிருந்தது. கடலூர் ஒன்று கல்வியை நாடியதன் காரணங்களுள் இந்தத் தேவையும் ஒன்று என்று கொள்வது தவறாகாது.

தமிழ்க் கல்விக்கு வல்வையிலே பஞ்சம் இருந்ததில்லை. விசயதசமி நாளிலே பச்சரிசியில் எழுத்தைத் தொடங்கி, மணலிலே விரலால் எழுதிப் பழகி, பின் ஏட்டுக்கு வருவது திண்ணைப்பள்ளியின் முறை. சட்டம்பியார் ஒருவர் சொல்ல, பிள்ளைகள் ஒரே குரலாய்த் திருப்பிச் சொல்வர். நிகண்டும் ஆத்திசூடியும் கணக்கு வாய்பாடும் இவ்வாறே மனத்திற் பதிந்தன. இவ்வூரிலே தோன்றிய ச. வைத்தியலிங்கபிள்ளை, 'இயற்றமிழ்ப் போதகாசிரியர்' என்று சிறப்பிக்கப்பெற்ற புலவர். 1876 ஆம் ஆண்டிலே 'சிந்தாமணி நிகண்டு' என்னும் நூலை இயற்றியவர் அவரே. கப்பற் பாய்கள் உலர்ந்த அதே கரையிலே நிகண்டும் பிறந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆங்கிலக் கல்வியோ மிஷனரிமாரோடு வந்தது. வெஸ்லியன் சபையைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் 1838 ஆம் ஆண்டிலே பருத்தித்துறையில் தொடங்கிய பாடசாலை, பிற்காலத்தில், 1916 ஆம் ஆண்டிலே, ஹாட்லிக் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. அமெரிக்க மிஷனார் வல்வைக்கு அயலூராகிய உடுப்பிட்டியிலே ஆண்களுக்கும், 1860களின் பிற்பகுதியிலே பெண்களுக்கும் பாடசாலைகளை நிறுவினர். பெண்பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே அனுப்பத் தயங்கிய காலத்திலே, அவர்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலை வடமராட்சியில் எழுந்தமை சிறு காரியமன்று.

இப்பாடசாலைகளிலே சைவக் குடும்பத்துப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் அருகருகே இருந்து கற்றனர். காலையிலே வேதப்பாடம், மாலையிலே வீட்டில் தேவாரம். பெற்றோர் உள்ளத்திலே கலக்கம் இல்லாமலில்லை. பிள்ளை ஆங்கிலம் கற்கவேண்டும். ஆனால் தன் சமயத்தை இழக்கக்கூடாது. இந்தக் கலக்கத்துக்கு விடை கண்டவர் ஆறுமுக நாவலர். பேர்சிவலிடம் பயின்று, அவருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்ற நாவலரே, 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பள்ளியின் ஒழுங்கைச் சைவச் சூழலிலே அமைக்கலாம் என்பதை அவர் காட்டினார். அவர் மறைந்த பின்னரும் அவ்வெண்ணம் ஊர்தோறும் வேர்விட்டது. அவ்வாறு வேர்விட்ட நிலையங்களுள் ஒன்றுதான் 1896 ஆம் ஆண்டிலே வல்வையில் எழுந்த சிதம்பரா. சிறு வித்தியாலயமாய்த் தொடங்கிய அது, நாளடைவிலே சிதம்பராக் கல்லூரியாய் வளர்ந்தது.

சிதம்பராவோடு வல்வையின் கல்வி முடிந்துவிடவில்லை. சைவர் நடத்திய சிவகுரு வித்தியாசாலை, அமெரிக்க மிஷன் பாடசாலை, உரோமன் கத்தோலிக்கப் பாடசாலை, பெண்களுக்கென மகளிர் வித்தியாலயம் என ஒரு சிறிய கரையூரிலே பல பள்ளிகள் இயங்கின. எந்தக் கோயிலை வணங்கும் பிள்ளையும் எந்தப் பள்ளியிலும் சேரலாம் என்ற வழக்கம் ஓரளவு நிலவியது. பள்ளிகளுக்குள்ளே போட்டி இருந்தது. அப்போட்டியின் பயனைப் பெற்றவர் பிள்ளைகளே.

இனி, அக்கால மாணவர் வாழ்க்கையைச் சிறிது காண்போம். வல்வைப் பிள்ளைக்குப் பூமிசாத்திரம் புதிய பாடமன்று. படத்திலே ஆசிரியர் வங்காள விரிகுடாவைச் சுட்டும்போது, தந்தை அந்நேரம் அதன் எந்த மூலையிலே நிற்கிறார் என்று கணக்கிடும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தனர். புயற்காலத்திலே வகுப்பின் அமைதிக்குப் பொருள் வேறு. கப்பல் வந்துசேரும் நாளிலோ ஆசிரியரின் குரலைவிடக் கரையின் ஆரவாரமே பிள்ளையின் செவிக்கு நன்றாகக் கேட்கும். தைப்பொங்கல் அண்மிவிட்டால் வானம் முழுவதும் பட்டம். விண்பூட்டிய பெரும் பட்டங்கள் இரவிலும் முரலும். அதன்பின் வாய்பாடு யார் நினைவில் நிற்கும்! சித்திரைப் பருவத்திலே முத்துமாரியம்மன் திருவிழாவும் இந்திரவிழாவும் வரும். மாலையானால் மணற்றிடலிலே உதைபந்தாட்டம். இவ்வூரார் உதைபந்தாட்டத்திலே கொண்ட பற்று இன்றும் குறையவில்லை.

இவற்றுக்கிடையே ஒரு பெருங் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. பதின்மூன்று பதினான்கு வயதான மகனைக் கப்பலில் ஏற்றுவதா, பள்ளியில் நிறுத்துவதா? கப்பலேறினால் அடுத்த மாதமே வீட்டுக்கு வருவாய். பள்ளியில் நின்றால் கனிஷ்ட தராதரப் பரீட்சை, பின் சிரேஷ்ட தராதரப் பரீட்சை, அதன்பின் கொழும்பிலோ மலாயாவிலோ ஓர் உத்தியோகம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இரண்டுக்கும் நடுவே தாயின் உள்ளம் அலைந்தது. கடலிலே கணவனை இழந்த தாய், எத்தனை வறுமையிலும் மகனைப் பள்ளியிலேயே நிறுத்த விரும்பியிருப்பாள் என்பதை உணர நீண்ட ஆராய்ச்சி வேண்டியதில்லை. நீராவிக் கப்பலும் புதிய சட்டங்களும் பாய்க்கப்பல் வாணிகத்தை மெல்லமெல்லத் தேய்த்தபோது, வாங்கே வல்வையின் இரண்டாவது துறையாயிற்று.

ஆனால், அந்த வாங்கிலே எல்லாருக்கும் இடம் இருந்ததா? இவ்வினாவுக்கு மனம் நோகாமல் விடை கூற இயலாது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பிள்ளைகள் அனுமதிக்கப்படவில்லை. அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, அவர்கள் நிலத்தில் இருந்தனர். ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஒரே கரும்பலகை. உயரம் மட்டும் வேறு. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கவேண்டும் என்று 1929, 1930 ஆம் ஆண்டுகளை ஒட்டி அரசாங்கம் பணித்தது. எதிர்ப்பு கடுமையாய் எழுந்தது. முறைப்பாடுகள் பறந்தன, குடாநாட்டிலே சில பாடசாலைகள் தீயிடவும் பட்டன. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் சம ஆசனத்துக்காக உறுதியுடன் நின்றனர் என்பது அவர்களுக்கு நிலையான புகழ்.

ஒடுக்கப்பட்ட மக்களோ பிறர் இடந்தருவார் என்று காத்திருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, வடமராட்சியின் கரவெட்டிப் பகுதியில், சூரன் என்னும் பெரியார் தம் மக்களின் பிள்ளைகளுக்காகத் தேவரையாளிச் சைவ வித்தியாசாலையை நிறுவினார். மிஷனாரின் செல்வமும் கப்பலுடையாரின் செல்வமும் இன்றி, உழைப்பாளர் தம் கைப்பொருளாலும் மன உறுதியாலும் எழுப்பிய பள்ளி அது. வடமராட்சியின் கல்விப் பெருமையைப் பேசுவோர் பெரிய கல்லூரிகளோடு தேவரையாளியையும் சேர்த்தே பேசவேண்டும். நிலத்தில் இருத்தப்பட்டவர்கள் தாமே வாங்கு செய்து அமர்ந்த வரலாறு அது.

1945 ஆம் ஆண்டிலே கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் என்னும் கதவு திறந்தது. மீன்பிடிப்போன் மகனும் சீவல்தொழிலாளி மகனும் கடைக்காரன் மகனும் ஒரே வகுப்பில் இருந்து உயர்வகுப்பு வரை செல்லும் வழி பிறந்தது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் சாதியின் பேரால் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளுள் மிகப்பெரும்பாலானவை அரசாங்கத்தின் கீழ் வந்தன. சைவப் பள்ளி, மிஷன் பள்ளி என்ற வேலிகள் தாழ்ந்து, பொதுப்பள்ளி என்னும் கருத்து உருப்பெற்றது. தாய்மொழியே போதனா மொழியாகவும் ஆயிற்று.

வாங்கு அகன்ற அதே காலத்தில் வாயில் ஒடுங்கத் தொடங்கியது. 1956 ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின் அரசாங்க உத்தியோகத்தின் வழி தமிழ் மாணவருக்குக் கடினமாயிற்று. பல்கலைக்கழகமே எஞ்சிய நம்பிக்கை. அங்கும், 1970களின் தொடக்கத்திலே தரப்படுத்தல் வந்தது. பொறியியற் பீடத்திற்குச் சிங்கள மொழி மூலம் தோற்றியவருக்கு 400 புள்ளிகளில் 227 போதியதாக, தமிழ் மொழி மூலம் தோற்றியவருக்கு 250 வேண்டப்பட்டது. இருபத்து மூன்று புள்ளி என்பது எண்ணுக்குச் சிறிது. விளக்கின் முன் பல இரவுகள் விழித்த மாணவனுக்கு அதுவே வாழ்க்கையின் அளவு. தரப்படுத்தல் வருமுன் வடமராட்சியிலிருந்து சென்று, கேம்பிறிட்ச்சிலே மண்பொறியியலில் ஆய்வு நிகழ்த்தி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராய் விளங்கிய பேராசிரியர் அ. துரைராசா போன்றோர், ஊர்ப் பள்ளி வாங்கு எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்குச் சான்று. அவ்வழியே செல்ல விரும்பிய பின்வந்தோர் பலர் வாயிலில் நிறுத்தப்பட்டனர். அந்த மனக்கசப்பு பிற்காலப் போருக்கு வித்திட்ட காரணங்களுள் ஒன்று என்று வரலாற்றறிஞர் கூறுவர்.

போர் வந்தது. 1985 ஆம் ஆண்டு வைகாசியிலும், 1989 ஆம் ஆண்டு ஆவணியிலும் வல்வையில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். 1987 ஆம் ஆண்டிலே வடமராட்சியெங்கும் பெரும் இராணுவ நடவடிக்கை நிகழ்ந்தது. கடல் தடைசெய்யப்பட்ட வலயமாயிற்று. தந்தையர் கடலுக்குப் போக இயலவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போக அஞ்சினர். 1995 ஆம் ஆண்டு ஐப்பசியிறுதியிலே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, வடமராட்சியின் பள்ளிகளும் அவர்களுக்குப் புகலிடமாயின. எழுதுவதற்கென்று செய்த வாங்கு, குழந்தையைக் கிடத்தும் கட்டிலாயிற்று.

2009 ஆம் ஆண்டிலே போர் முடிந்தது. பிள்ளைகளுட் பலர் இலண்டனிலும் தொரந்தோவிலும் பிறரூர்களிலும் குடியேறிவிட்டனர். ஆயினும் சிதம்பராவின் பெயர் வல்வைக் கரையோடு நிற்கவில்லை. அதன் பழைய மாணவர் இங்கிலாந்திலே தமிழ்ப் பிள்ளைகளுக்காக நடத்தும் கணிதப் போட்டி சிதம்பராவின் பெயராலேயே விளங்குகிறது. வல்வையைக் கண்டறியாத சிறுவர் அப்பெயரைத் தம் வினாத்தாளில் வாசிக்கின்றனர். ஒருகாலத்திலே அன்னபூரணி கடந்த கடல்களை, ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரும் கடந்துவிட்டது.

ஊரிலோ பள்ளி மணி இன்றும் ஒலிக்கிறது. கப்பல் தன் காலத்தோடு போயிற்று, பள்ளி நிலைத்தது. அது நிலைத்தமைக்குக் கட்டடத்தின் உறுதி காரணமன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த வாங்கிலே இன்னும் ஒரு பிள்ளைக்கு இடம் விடவேண்டும் என்று சிலர் வாதாடினர். சிலர் அதற்காகத் துன்பமும் ஏற்றனர். முன்னே இருப்பவர் சற்று நெருங்கி அமர்ந்தால், நிலத்தில் இருப்பவருக்கும் இடமுண்டு. வல்வையும் வடமராட்சியும் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்த பாடங்களுள் இதுவே தலையாயது. இன்னும் முற்றாகக் கற்று முடியாததும் இதுவே.