சொல்லில் தீட்டும் படம்

மாணவர்களே, படத்தைக் காட்டிப் பாடம் நடத்தும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1659 ஆம் ஆண்டையொட்டி மாய விளக்கு என்னும் கருவியை அமைத்தார். கண்ணாடியில் தீட்டிய சித்திரம் அதன் ஒளியால் சுவரில் பெரிதாக விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது சொற்பொழிவு மண்டபங்களில் இடம் பெற்றது. 1987 இல் பவர்பாயிண்ட் வெளிவந்தது. கண்ணாடிச் சில்லின் வேலையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது.

கருவி மாறியது, குறை ஒன்று மாறவில்லை. ஆசிரியர் கோலை நீட்டி, "இதோ பாருங்கள்" என்பார். பார்வையற்ற மாணவனுக்கு அந்த "இதோ" எங்கே இருக்கிறது?

எழுத்தைப் பொறுத்தவரை இக்குறை முன்னரே தீரத் தொடங்கிவிட்டது. 1785 இல் பாரிஸ் நகரில் பார்வையற்றோருக்கென ஒரு பள்ளி ஏற்பட்டது. பின்னாளில் அங்குப் பயின்ற லூயி பிரெயில், தம் புள்ளி எழுத்து முறையை 1829 இல் நூலாக வெளியிட்டார். எழுத்து விரலுக்கு எட்டியது. அடுத்த நூற்றாண்டின் இறுதியில், கணித்திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான்கள் வந்தன. எழுத்து செவிக்கும் எட்டியது. ஆனால் படம் வந்ததும் அக்கருவி வாயடைத்துப் போகும். அல்லது "படம்" என்று மட்டும் சொல்லி நகரும்.

இதற்குப் பரிகாரம் மாற்று உரை. படத்தின் பின்னே மறைவாக எழுதிவைக்கும் சில சொற்களே அது. 1995 இல் வகுக்கப்பட்ட இணையப் பக்க மொழியின் தர விதிகளில் அதற்கு இடம் தரப்பட்டது. 1999 இல் வெளியான உலகளாவிய வலை அணுகல் நெறிகளில், காட்சிக்கு இணையான மாற்றைத் தருக என்பதே முதல் நெறி. நம் நாட்டில் 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு ஊடகச் செய்திகள் அவர்கள் அணுகத்தக்க வடிவில் அமைய வேண்டும் என்கிறது. எனவே இது இரக்கத்தால் இடும் பிச்சையன்று, உரிமை.

எவ்வாறு எழுதுவது? வரலாற்று ஆசிரியனாகவே வாழ்ந்த நான் என் துறையிலிருந்தே உதாரணம் தருகிறேன். "காந்தியடிகள் படம்" என்று எழுதினால் பயன் என்ன? "1930, தண்டி யாத்திரை: கையில் கோலுடன் காந்தியடிகள் நடக்கிறார், வெண்ணிற ஆடை அணிந்த தொண்டர்கள் உடன் செல்கின்றனர்" என்றால் பாடம் விளங்கும். வரைபடமாயின் கோடுகளை வருணிக்க வேண்டா, அவை உணர்த்தும் உண்மையைச் சொல்லுங்கள்: "1951 இல் நூற்றுக்கு 18 ஆக இருந்த இந்தியரின் எழுத்தறிவு, 2011 இல் 70 ஐக் கடந்தது." அழகுக்காக வைத்த பூங்கொடிக்கு உரை வேண்டுவதில்லை, அலங்காரம் என்று குறித்தால் திரைவாசிப்பான் அதனை விட்டுச் செல்லும்.

இதில் எழுதுவோனுக்கும் ஓர் ஆதாயம் உண்டு. ஒரு படத்தை இரண்டு வாக்கியங்களில் சொல்ல முயலும்போதுதான், அதனை ஏன் வைத்தோம் என்ற கேள்வி எழும். விடை கிடைக்கவில்லையெனில், அப்படம் கண்ணுள்ளவர்க்கும் பயன்படாது.

அடுத்த முறை ஸ்லைடுகளை ஆயத்தம் செய்யும்போது, உங்கள் மாற்று உரையை மட்டும் நண்பர் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். படத்தைக் காணாமலே அவர் பாடத்தை உணர்ந்தால், உங்கள் வகுப்பில் எவரும் வாயிலுக்கு வெளியே நிற்கவில்லை என்று அறிக.