இலைகளோடு வந்தவர்கள்

2010 டிசம்பர் 4ஆம் தேதி, மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்டில் ஒரே நாளில் இரண்டு பேர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார்கள். அலசான் உவாட்டாரா 54 சதவீத வாக்குகளோடு வென்றதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்திருந்தது. அரசமைப்பு மன்றமோ வடக்கில் பல பகுதிகளின் வாக்குகளைச் செல்லாதவை என்று தள்ளியது. அதில், பதவியிலிருந்த லோரான் பாக்போ 51 சதவீதத்தோடு வென்றவராகிவிட்டார். பாக்போ ஒரு வரலாற்றாசிரியர். வரலாறு கற்பிக்கும் எனக்கு இது கொஞ்சம் உறுத்தவே செய்கிறது.

2002 கிளர்ச்சிக்குப் பின் நாடு வடக்கு, தெற்கு என்று பிளந்து கிடந்தது. அதற்கு முன்பே, 1990களில், யார் அசல் ஐவரிக்காரர் என்ற விஷக் கேள்வியை அரசியல்வாதிகள் விதைத்திருந்தார்கள். உவாட்டாராவின் குடியுரிமையைக் கேள்வி கேட்டு 2000 தேர்தலில் அவரை நிற்கவே விடவில்லை. வடக்கத்திப் பெயர் உள்ள எளிய மனிதர்களும் அதே சந்தேகத்தைச் சுமந்தார்கள்.

இதற்குப் பின் வரும் நான்கு மாதங்களை நூல்கள் ஆண்களின் கதையாகவே சொல்கின்றன: ஐ.நா. படை காவலில் ஓட்டலில் தங்கிய உவாட்டாரா, மாளிகையை விட மறுத்த பாக்போ, பிரெஞ்சுப் படை. நான் நிற்க விரும்புவது வேறோர் இடத்தில்.

2011 மார்ச் 3. அபிஜான் நகரின் அபோபோ பகுதியில், பாக்போ விலக வேண்டும் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஊர்வலம் வந்தார்கள். கையில் இலைகள், சிலர் கறுப்பு உடையில். அங்குள்ள அகான் மக்களிடையே மூத்த பெண்கள் உடை களைந்து நின்றால் அது பெரும் சாபம். பெற்றவளின் உடம்புக்கு முன் ஆயுதம் தாழும் என்பது நம்பிக்கை. இந்த நாட்டுப் பெண்களுக்குத் தெரு புதிதும் அல்ல. 1949 டிசம்பரில், பிரெஞ்சு ஆட்சி சிறையிலடைத்த தலைவர்களை விடுவிக்கக் கேட்டுக் கிராண்ட் பாசாம் சிறைக்கு நடந்தவர்கள் அவர்களுடைய பாட்டிமார்தான். அன்று அடி விழுந்தது. அபோபோவில் கவச வண்டிகளிலிருந்து குண்டு பாய்ந்தது. ஏழு பெண்கள் செத்தார்கள். காணொளி வெளியானபோது அதையே ஜோடனை என்றது பாக்போ தரப்பு. ஐந்து நாள் கழித்து, மகளிர் தினத்தன்று, பெண்கள் மறுபடியும் தெருவுக்கு வந்தார்கள்.

மறுபக்கத்திலும் ஒரு பெண் இருந்தார் என்பதை மறைக்க எனக்கு மனமில்லை. சிமோன் பாக்போ: ஆசிரியை, தொழிற்சங்கவாதி, கணவரோடு சேர்ந்து கட்சியைக் கட்டியவர். கணவரின் பிடிவாதத்துக்கே இவர்தான் காரணம் என்று பேசினார்கள். அரசனை அரசி கெடுத்தாள் என்கிற பழைய கதைதான்! அதற்காக அவரை நான் அப்பாவி ஆக்கவும் மாட்டேன். அதிகாரத்தை அவர் தெரிந்தேதான் கையில் வைத்திருந்தார்.

ஏப்ரல் 11இல் இருவரும் பிடிபட்டார்கள். அதற்குள் சுமார் 3,000 பேர் இறந்திருந்தார்கள். 150க்கும் மேற்பட்ட பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாகியிருந்தார்கள். இரு தரப்பு ஆயுததாரிகளும் இதைச் செய்தார்கள். மேற்கே துவேகுவே நகரில் நடந்த படுகொலையில் உவாட்டாரா படையினரின் கையும் இருந்தது. வென்றவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

சிமோனுக்கு 2015இல் 20 ஆண்டு தண்டனை. 2018இல் பொது மன்னிப்பு. லோரானை 2019 ஜனவரியில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் விடுவித்தது. அவர்மீதான குற்றச்சாட்டுகளில் அபோபோ ஊர்வலமும் இருந்தது.