புளியங்கொட்டை இருக்க காசு எதுக்கு? போக்கர் ஆடலாம் வாங்க!

ஆடித்தபசு நேரத்தில் சங்கரன்கோவிலே நிரம்பி வழியும். சென்னை, கோவை, பெங்களூருன்னு பிரிந்து கிடந்த சித்தப்பா பசங்க, அத்தை பசங்க எல்லாம் ஒரே மொட்டைமாடியில் கூடுவாங்க. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் யாராவது சீட்டுக்கட்டை எடுத்தால் போதும், கீழே இருந்து ஆச்சியோட குரல் வரும்: "சீட்டாடி உருப்பட்டவன் எவம்ல?"

ஆச்சி கேட்பதில் நியாயம் இருக்கு. அதுக்குக் கடைசியில் வருவோம். அதுக்கு முன்னாடி, இந்தத் தபசுக்கு ரம்மிக்குப் பதிலா போக்கர் ஆடிப் பார்த்தால் என்ன?

எப்படி ஆடுவது?

உலகம் முழுக்க அதிகம் ஆடப்படுவது 'டெக்சாஸ் ஹோல்டெம்'. ஆளுக்கு 2 சீட்டு, அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு வரும். முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. இந்த 7 சீட்டில் சிறந்த ஐந்தை யார் சேர்க்கிறாரோ அவருக்கே வெற்றி.

ரம்மி தெரிந்தவர்களுக்கு இது ஈஸி. ஒரே இனத்தில் வரிசையாக 5 சீட்டு வந்தால் ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ். ஒரே எண் மூன்றும் இன்னொரு எண் இரண்டும் சேர்ந்தால் ஃபுல் ஹவுஸ். ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, வரிசை இல்லை என்றால் வெறும் ஃப்ளஷ்.

ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று வழி உண்டு. எதிராளி வைத்த அளவுக்கு நீங்களும் வைக்கலாம், ஏத்தலாம், இல்லைன்னா சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம்.

அப்படி என்ன ஈர்ப்பு?

ரம்மியில் கண் பெரும்பாலும் உங்கள் கையிலேயே இருக்கும். போக்கரில் எதிரே இருக்கும் ஆளின் முகத்தில் இருக்கும். எப்பவும் வாயாடுற மச்சான் திடீர்னு அமைதியாயிட்டானே, நல்ல சீட்டா, நடிப்பா? எதுவும் இல்லாத கையை வைத்துக்கொண்டு நம்மையே பயமுறுத்திக் கவிழ்க்க வைப்பதுதான் 'ப்ளஃப்'. கேம் தியரிக்கு அடித்தளம் போட்ட 1944-ம் ஆண்டுப் புத்தகத்தில் ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் போக்கருக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள்.

அடுத்தது கணக்கு. கையில் 2 ஸ்பேட், நடுவில் வந்த மூன்றில் 2 ஸ்பேட் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்க்காத சீட்டு 47, அதில் ஸ்பேட் 9. அடுத்த சீட்டிலேயே ஃப்ளஷ் அடிக்க வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. இதை மனசுக்குள் போட்டுப் பார்த்து முடிவெடுப்பதில் ஒரு கிக் இருக்கு.

மூன்றாவது, பொறுமை. கையில் ஜோடி ஏஸ் வருவது சராசரியாக 221 தடவைக்கு ஒரு தடவைதான். மற்ற நேரத்தில் பெரும்பாலும் கவிழ்க்கணும். நல்லா ஆடுறவங்களை அடையாளம் காட்டுவதே அவங்க விட்டுக்கொடுக்கும் கைகள்தான்.

ஆச்சி சொல்வது ஏன் சரி?

போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா? தமிழ்நாடு அரசு 2022-ல் கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், இவை திறமை விளையாட்டுகள் என்று சொல்லி அந்தப் பட்டியலை ரத்து செய்தது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்த விவாதத்துக்குள்ளேயே போகவில்லை. திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் விளையாட்டை நடத்தவே கூடாது என்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. 'திறமை' என்ற அந்த வார்த்தைதான் பலரையும் இழுத்து விட்டது. அதிர்ஷ்டம்னு நினைப்பவன் தோற்றால் எழுந்து போய்விடலாம். திறமைன்னு நம்புபவன், "அடுத்த கையில் சரியா ஆடுவேன்" என்று உட்கார்ந்தே இருப்பான். தோற்றால் எதிராளி முகம்கூடத் தெரியாத போனில், நடுராத்திரியில் ஒரே ஒரு தட்டலில் இன்னும் ஆயிரம் ரூபாய் போட்டுவிடலாம். கடன், தற்கொலை வரை போன வீடுகள் தமிழ்நாட்டில் உண்டு.

புளியங்கொட்டை ரூல்ஸ்

* 4 முதல் 6 பேர், ஆளுக்கு 50 புளியங்கொட்டை. தீர்ந்தால் அவுட். கடன் கிடையாது, திரும்ப வாங்குவதும் கிடையாது. ஆனா அந்த ஐம்பதுக்கு மதிப்பு வருவதே இதனால்தான். இல்லைன்னா எல்லாரும் எல்லா கைக்கும் அள்ளிப் போடுவாங்க, ஆட்டம் சப்புன்னு ஆயிடும்.
* சீட்டு போடுபவருக்கு அடுத்தவர் 1, அதற்கடுத்தவர் 2 கொட்டை கட்டாயம் வைக்கணும். அரை மணிக்கு ஒருமுறை இதை இரட்டிப்பாக்கினால் ஆட்டம் சீக்கிரம் முடியும்.
* முதலில் அவுட் ஆனவர் டீ டம்ளர் கழுவணும்.
* "சும்மா பத்து ரூபா வெச்சு ஆடலாமே" என்று யாராவது ஆரம்பித்தால், கட்டை மூடி வெச்சுடுங்க.

கொட்டை தீர்ந்தால் ஆட்டம் முடியும். அந்த முடிவு இருக்கும் வரைக்கும்தான் இது பொழுதுபோக்கு. அடுத்த தடவை ஆச்சி குரல் கொடுத்தால், அவங்களையும் மாடிக்குக் கூப்பிட்டு 50 கொட்டை எண்ணிக் கொடுங்க. வீட்டில் யார் பொய் சொன்னாலும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவங்களாச்சே... ஜாக்கிரதை!